முகவீணைக்கும் பம்பைக்கும் எது: ஃபுளூயிட்சிந்தா, ஸ்ஃபிஸ்ஸா?

கணினியில் வாத்திய ஒலிகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரம் ஜெனரல் மிடி. அதன் 128 ஒலிகளில் முகவீணையும் (கூத்தில் ஊதும் சிறிய சீவாளிக் குழல்) இல்லை, பம்பையும் (இரட்டைத் தோல்கருவி) இல்லை. 112ஆம் எண்ணில் ஷெனாய் உண்டு. அதை வைத்துக் கூத்துப் பாட்டை ஒப்பேற்றலாம். வேலூர், ஆர்க்காடு பக்கத்துக் காதுகள் ஏமாறாது. ஒப்பேற்றும்போதும் ஒரு சிக்கல்: ஒலிவங்கியை வாசிக்கும் மென்பொருளான ஃபுளூயிட்சிந்தும், அந்த வங்கியைக் கட்டும் மென்பொருளான பாலிஃபோனும் 0-விலிருந்து எண்ணும். ஷெனாய்க்கு 111 போட வேண்டும். 112 போட்டால் சின்ன மணி கிணுகிணுக்கும்.

சொந்தமாகப் பதிவுசெய்து ஒலிவங்கி (வாத்தியப் பதிவுகளின் தொகுப்பு) கட்டுவதென்றால் இரண்டு வழிகள். எஸ்எஃப்2 என்ற ஒலிவங்கிக் கோப்பைப் பாலிஃபோனில் கட்டி ஃபுளூயிட்சிந்தில் வாசிப்பது ஒன்று. எஸ்எஃப்இசட் என்ற வெறும் எழுத்துக்கோப்பை எழுதி, ஸ்ஃபிஸ் என்ற மென்பொருளில் வாசிப்பது மற்றொன்று. டிமிடிட்டி என்ற மென்பொருளும் இருக்கிறது, மிடிக் கோப்பை வேவ் ஒலிக்கோப்பு ஆக்க மட்டும் போதும்.

பம்பைக்கு ஸ்ஃபிஸ்தான். ஒரே அடியின் பதிவு திரும்பத் திரும்ப வந்தால் தையல் மிஷின் ஓடுவதுபோல் கேட்கும். எஸ்எஃப்இசட்டில் ஒரே விசைக்கு மூன்று நான்கு பதிவுகளைச் சுழற்சியில் வைக்கலாம். எஸ்எஃப்2-வில் சுழற்சி கிடையாது; மூன்றையும் ஒரே விசையில் வைத்தால் மூன்றும் சேர்ந்தே ஒலிக்கும். மிடியில் 127 வரை போகும் அடியின் வேகத்தை 1–50, 51–90, 91–127 என்று பிரித்து ஆளுக்கொரு பதிவு கொடுத்து ஓரளவு சமாளிக்கலாம்.

முகவீணையில் கதை மாறுகிறது. நீண்ட சுரத்துக்கு லூப் (பதிவின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவது) போட வேண்டும், அதைக் கண்ணால் பார்த்துப் போடப் பாலிஃபோன் வசதி. லூப்பின் தொடக்கமும் முடிவும் அலைவடிவில் பொருந்தாவிட்டால் சுற்றுக்கு ஒரு 'டிக்' கேட்கும். லூப் மிகவும் குட்டையானால் சீவாளிச் சத்தம் போய் வண்டு ரீங்காரமாகிவிடும். அரை விநாடிக்குக் குறையாமல் விடுங்கள். மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு பதிவு எடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் வாத்தியத்தின் குரலே மாறும். மூலவிசை (பதிவு எந்தச் சுரம் என்று குறிக்கும் விசை) தவறினால் கட்டையே தவறும்.

கமகத்துக்குப் பிட்ச் பெண்ட் (சுரத்தை வளைக்கும் வசதி) எல்லை இரண்டு மென்பொருளிலும் இயல்பாக 2 அரைச்சுரம்தான், போதாது. ஃபுளூயிட்சிந்தில் கன்ட்ரோலர் (மிடிக் கட்டளை எண்) 101-க்கு 0, 100-க்கு 0, 6-க்கு 12 என்று அதே வரிசையில் அனுப்பினால் ஒரு ஸ்தாயி கிடைக்கும். எஸ்எஃப்இசட்டில் மேலே 1200, கீழே −1200 சென்ட் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்) என்று கோப்பிலேயே எழுதிவிடலாம்.

ஃபுளூயிட்சிந்தில் சத்தமே வரவில்லை என்று பலர் ஸ்பீக்கரைக் குறை சொல்வார்கள். அதன் கெயின் (ஒலி அளவு) இயல்பில் 0.2 மட்டுமே. 0.6 வரை ஏற்றிப் பாருங்கள், அதற்கு மேல் பல சுரங்கள் சேரும்போது உடையலாம். படபடவென்று வெடித்தால் பஃபரை (ஒலியைச் சேர்த்துவைக்கும் இடைக்கிடங்கை) கூட்டுங்கள்: 44,100 ஹெர்ட்ஸில் 256 ஃபிரேம் கொண்ட பஃபர் இரண்டு என்றால் தாமதம் சுமார் 11.6 மில்லிவிநாடி, மேடையில் வாசிக்கலாம்.

பழைய லேப்டாப்பில் எஸ்எஃப்3 (எஸ்எஃப்2-வின் சுருக்கிய வடிவம்) வைத்தால் டிஸ்க்கில் மட்டுமே இடம் மிச்சம். ஏற்றும்போது விரிந்துவிடுவதால் ரேம் மிச்சமில்லை. ஸ்ஃபிஸ் தொடக்கப் பகுதியை மட்டும் ரேமில் வைத்து மீதியை டிஸ்க்கிலிருந்து இழுப்பதால் பெரிய வங்கிக்கு அது இலகு. ஆனால் குழுவில் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் எஸ்எஃப்2 ஒரே கோப்பு. எஸ்எஃப்இசட்டுடன் வேவ் கோப்புகள் உள்ள ஃபோல்டரையும் சேர்த்துத் தராவிட்டால் ஊமைதான்.