சுகர்காரர்களுக்கான கொழுப்பு மாத்திரை: அடோர்வாவிலிருந்து ரோசுவாவுக்கு

அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி., அது ஒத்துக்கொள்ளாததால் மாற்றித் தந்த ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு வயது 54. சுகர் வந்து பத்து வருடத்துக்குப் பக்கம் ஆகிறது, மெட்ஃபார்மின் போடுகிறேன். தையல் தொழில், காலால் மிதிக்கிற மெஷின். தொடைக்கு ஓய்வே இல்லாத வேலை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், 138 இருந்தது. லேப் சீட்டில் அதைப் பெரிய ஆபத்தாகப் போடவில்லை. “கொஞ்சம்தானே டாக்டர் கூட இருக்கு, இதுக்கு எதுக்கு இன்னொரு மாத்திரை?” என்று கேட்டேன். “சுகர் இல்லாதவங்களா இருந்தா யோசிக்கலாம்மா. உங்களுக்கு அந்த எண்ணை மட்டும் பார்க்க முடியாது” என்றார்.

அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. சுகர் உள்ளவர்களின் எல்டிஎல் துகள்கள் பெரும்பாலும் சிறிதாகவும் அடர்த்தியாகவும் இருக்கும், ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதில் புகுந்துவிடும். எண் சாதாரணமாகத் தெரிந்தாலும் ஆபத்து அப்படியே இருக்கும். 2004-இல் வெளியான கார்ட்ஸ் என்ற ஆய்வில், இதய நோய் இல்லாத, கொழுப்பும் மிக அதிகமில்லாத 2,838 சர்க்கரை நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு அடோர்வா 10 மி.கி., மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. பக்கவாதம் மட்டும் கிட்டத்தட்டப் பாதியானது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், திட்டமிட்டதற்கு 2 வருடம் முன்னாலேயே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் மறுபேச்சு பேசவில்லை.

அடோர்வா சொன்ன வேலையைச் செய்தது. அடுத்த பரிசோதனையில் எல்டிஎல் 68. கூடவே சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.0-லிருந்து 7.2 ஆனது. சுகர்காரர்கள் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். அடோர்வா, ரோசுவா போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் சுகரைச் சற்றுக் கூட்டக்கூடும் என்பது உண்மை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-லேயே அதை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டது. ஆனால் அந்த ஏற்றம் பொதுவாக இப்படி 0.1, 0.2 என்ற அளவில்தான். சாயங்கால நடையைக் கூட்டியும் மெட்ஃபார்மினைச் சரிசெய்தும் அந்த 0.2-ஐ என்னால் இறக்க முடியும். அடைத்துப்போன ரத்தக்குழாயை நடந்து திறக்க முடியாது. சுகர் கூடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்த மாத்திரையை விட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

எனக்குத் தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. தொடை. ஸ்டூலிலிருந்து எழும்போது இரண்டு கையையும் மேஜையில் ஊன்றினால்தான் எழ முடிந்தது. தைத்து முடித்த துணியை மேலே கம்பியில் மாட்டக் கையைத் தூக்கினால் தோளிலிருந்து முழங்கை வரை கனத்தது. வலது இடது என்று வித்தியாசமில்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

இது சுகரால் வரும் நரம்பு வலியா, மாத்திரையால் வரும் தசை வலியா என்று பலருக்கும் குழப்பம் வரும். எனக்கு இரண்டும் இருந்ததால் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. நரம்பு வலி உள்ளங்காலில் எரிச்சலாகவும் மதமதப்பாகவும் இருக்கும், ராத்திரி படுத்ததும் கூடும். தசை வலி தொடை, இடுப்பு, புஜம் மாதிரி பெரிய தசைகளில் வரும். படி ஏறும்போதும் உட்கார்ந்து எழும்போதும்தான் அதன் தொல்லை தெரியும். டாக்டரிடம் போகும்போது “உடம்பு வலி” என்று பொதுவாகச் சொல்லாமல், எங்கே, எதைச் செய்யும்போது என்று சொல்லுங்கள்.

என் டாக்டர் சிபிகே (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, வைட்டமின் டி, கிட்னி எல்லாம் பார்த்தார். தைராய்டு குறைந்தாலும் வைட்டமின் டி குறைந்தாலும் இதே வலி வரும், ஸ்டாட்டின் வலி எளிதில் பிடித்துக்கொள்ளவும் செய்யும். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. சில வாரங்கள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், வலி மெல்ல இறங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேரை வைத்து 2020-இல் சாம்சன் என்ற ஆய்வு வந்தது. ஒரு மாதம் நிஜ மாத்திரை, ஒரு மாதம் வெறும் மாத்திரை, ஒரு மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிஜ மாத்திரையில் வந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. பயமும் எதிர்பார்ப்பும்கூட வலியைக் கொடுக்கும். என் வலியில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு மனதால் என்று பிரிக்க முடியாது. எப்படியானாலும் ஸ்டூலிலிருந்து எழ வேண்டியவள் நான்தான்.

அப்புறம் வந்தது ரோசுவா 5 மி.கி. அடோர்வா கொழுப்பில் கரைவது, இது நீரில் கரையும் தன்மை கூடியது. ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. ஆசிய வம்சாவளியினர் உடம்பில் ரோசுவாவின் அளவு கூடுதலாக ஏறும் என்பதால் 5 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறார்கள். சின்ன டோஸ் கொடுத்துவிட்டாரே என்று நினைக்க வேண்டாம்.

எல்டிஎல் 84-இல் நின்றது. டோஸைக் கூட்டுவார் என்று நினைத்தேன், கூட்டவில்லை. ஸ்டாட்டின் டோஸை இரட்டிப்பாக்கினாலும் மேற்கொண்டு 6 சதவீதம் அளவுக்குத்தான் இறங்குமாம். அதற்குப் பதில் எசிடிமைப் 10 மி.கி. சேர்த்தார். அது குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், எல்டிஎல்லில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைக்கும். இப்போது 67. மூன்று மாதச் சராசரி 7.1. மேஜையைப் பிடிக்காமல் எழுகிறேன்.

அடோர்வாவுக்கு 5-க்கு 3 நட்சத்திரம் தருவேன். வேலை செய்தது, என் தசைதான் தாங்கவில்லை. ரோசுவா, எசிடிமைப் ஜோடிக்கு நாலரை. அந்த அரை நட்சத்திரக் குறை எதற்கென்றால், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்து ரோசுவாவின் வேலையைக் குறைத்துவிடும், 2 மணி நேர இடைவெளி வேண்டும். எனக்கு அது தினமும் இடைஞ்சல்.

இதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பெம்பிடோயிக் ஆசிட் இருக்கிறது. அது தசைக்குள் செயல்படாது, ஆனால் யூரிக் ஆசிட்டை ஏற்றும், கவுட் (யூரிக் ஆசிட்டால் வரும் மூட்டுவலி) உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகளும் வந்துவிட்டன. கர்ப்பமாக இருப்பவர்களும் கிட்னி, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடுமையான தசை வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.