வெள்ளைக் கல் மூன்று: குவார்ட்ஸா, கால்சைட்டா, ஃபெல்ட்ஸ்பாரா?

வெள்ளையாக ஒரு கல் கிடைத்ததும் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்துவிடாதீர்கள். நாம் வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸ், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட், கிரானைட்டில் நிறைந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் மூன்றுமே வெள்ளையாகக் கிடைக்கும். எடையும் உதவாது. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி (அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 2.65, கால்சைட்டுக்கு 2.71. கையில் தூக்கிப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

பலர் அமிலத்தைத்தான் முதலில் நம்புவார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு பட்டதும் கால்சைட் நுரைத்துப் பொங்கும், மற்ற இரண்டும் சும்மா இருக்கும். சரி, ஆனால் அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல அமிலத்தால் முடியாது. சேலத்தில் கிடைக்கும் இன்னொரு வெள்ளைக் கல்லான மேக்னசைட்டும் பொடியாக்கிச் சூடான அமிலம் விட்டால் நுரைக்கும்.

அதனால் என் ஓட்டு கத்திக்குத்தான். கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவுகோலில் கால்சைட் 3, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சாதாரண எஃகுக் கத்தி சுமார் 5.5. கத்தி முனை கால்சைட்டைச் சுலபமாகக் கீறிப் பொடி உதிர்க்கும். குவார்ட்ஸில் வழுக்கிக்கொண்டு போய் ஒரு சாம்பல் கோடு விடும். புதிதாகப் பழகுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கீறல் விழுந்துவிட்டது என்று நினைப்பார்கள். நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படாது. கல்லில் ஒட்டியிருப்பது கத்தியின் இரும்பு.

குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும்தான் உண்மையில் குழப்பும் ஜோடி. இரண்டுமே கண்ணாடியைக் கீறும். இங்கே உடைந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும். வெளிறிய கிரானைட் ஜல்லி ஒன்றைப் புதிதாக உடைத்து, வெயிலில் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணம் வந்ததும் சில மணிகள் சின்னக் கண்ணாடித் துண்டு போல முழுமுகமும் ஒரே நேரத்தில் பளிச்சிடும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அப்படியே அணைந்துவிடும். அது ஃபெல்ட்ஸ்பார். கிட்டத்தட்ட செங்கோணத்தில் அமைந்த இரண்டு தளங்களில் அது சீராகப் பிளக்கும். அந்த மணிகளுக்கு நடுவே எப்படித் திருப்பினாலும் சேர்ந்தாற்போல் மின்னாமல், உடைந்த பாட்டில் விளிம்பு போல வளைவாக, எண்ணெய் தடவிய மாதிரி சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். அதற்குப் பிளவுத் தளம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.