கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ்: நிகழ்தகவு வகுப்புக்கு எவ்வளவு உதவும்?

பொறியியல் மாணவர்களுக்கு நிகழ்தகவும் சமவாய்ப்பு மாறியும் (ரேண்டம் வேரியபிள்) நடத்தும்போது, அட்டவணை புரட்டுவதும் தசமப் பெருக்கலும் வகுப்பு நேரத்தைத் தின்றுவிடுகின்றன. கேசியோவின் கிளாஸ்விஸ் வரிசையைச் சேர்ந்த 991இஎக்ஸ் கால்குலேட்டர் அந்த நேரத்தை மீட்டுத் தருகிறது. ஆனால் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்ட மாணவருக்கும் அதே வேகத்தில் ஒரு விடையைக் கொடுத்துவிடும். எந்த மோடை எந்தப் பாடத்துக்குப் பிறகு திறக்கவிடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இதன் பயன்.

முதலில் திறக்க வேண்டியது மெனுவில் 7ஆவதாக உள்ள டிஸ்ட்ரிபியூஷன் அல்ல, 6ஆவதான ஸ்டாட்டிஸ்டிக்ஸ். செட்டப்பில் ஃப்ரீக்வென்சியை ஆன் செய்து, 1-வேரியபிளைத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கம் மாறியின் மதிப்புகளையும் வலப்பக்கம் அவற்றின் நிகழ்தகவுகளையும் இடவேண்டும். 0, 1, 2, 3 என்ற மதிப்புகளுக்கு 0.1, 0.3, 0.4, 0.2 என்று கொடுத்தால் சராசரி 1.7, சிக்மா வர்க்கம் (பரவற்படி, அதாவது வேரியன்ஸ்) 0.81 என்று வரும். அதே திரையில் எண்ணிக்கை 1 என்று காட்டுகிறதா எனப் பார்க்கும் பழக்கம் அவசியம். 1 இல்லையென்றால் நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை பிசகியிருக்கிறது. கூறுக்கான (சாம்பிள்) திட்ட விலக்கத்தை இங்கே தொடவே கூடாது. அதன் வகுஎண் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, இங்கே அது பூச்சியம். ஏன் அது கிடைப்பதில்லை என்று மாணவர்களையே சொல்ல வைத்தால், முழுமைத்தொகுதிக்கும் கூறுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே விளங்கிவிடும்.

டிஸ்ட்ரிபியூஷன் மோடில் ஏழு வகைகள் உண்டு: நார்மல் பிடி, நார்மல் சிடி, இன்வர்ஸ் நார்மல், பைனாமியல் பிடி, பைனாமியல் சிடி, பாய்சான் பிடி, பாய்சான் சிடி. பிடி என்பது ஒரு மதிப்பில் பரவல் சார்பு தரும் எண், சிடி என்பது குவிவு நிகழ்தகவு. தவறுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நடக்கின்றன.

முதலாவது, நார்மல் சிடி கேட்கும் வரிசை. கீழ் எல்லை, மேல் எல்லை, சிக்மா (திட்ட விலக்கம்), அதன் பிறகுதான் மியூ (சராசரி). சராசரி 50, பரவற்படி 16 என்ற மாறி 46க்கும் 54க்கும் இடையே விழும் நிகழ்தகவு 0.6827. சிக்மாவும் மியூவும் இடம் மாறினால் 0.0418 கிடைக்கும். வர்க்கமூலம் எடுக்காமல் 16ஐ அப்படியே சிக்மாவாக இட்டால் 0.1974. மூன்றுமே பார்வைக்கு நம்பும்படியான எண்கள். சராசரியிலிருந்து இருபக்கமும் ஒரு திட்ட விலக்கம் என்றால் 0.68 என்பது மனத்தில் பதிந்தவர் மட்டுமே பிழையைப் பிடிப்பார்.

இரண்டாவது, பைனாமியல் சிடியும் பாய்சான் சிடியும் தருவது 'அதற்கு மிகாமல்' என்ற நிகழ்தகவை மட்டும். 20 பாகங்கள், குறை விகிதம் 0.1, குறைந்தது 3 பழுது என்று கேட்டால் 2க்கான குவிவை 1இலிருந்து கழிக்க வேண்டும்: 0.3231. 3க்கானதைக் கழித்தவருக்கு 0.1330 வரும். பொத்தானைத் தொடும் முன் 0, 1, 2 என்று விலக்கும் மதிப்புகளைத் தாளில் எழுதச் சொல்வதே இதற்கு நல்ல மருந்து.

மூன்றாவது, நார்மல் பிடி. அது அடர்த்திச் சார்பின் உயரம், நிகழ்தகவு அல்ல. சிக்மா 0.1 என்று கொடுத்துச் சராசரியிலேயே மதிப்பைக் கேளுங்கள்; 3.989 வரும். ஒன்றைத் தாண்டிய எண்ணைக் கண்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) மாணவர்களுக்குத் தனி எச்சரிக்கை. தகவல் தொடர்புப் பாடத்தில் 'க்யூ' சார்பு என்பது வலது வால் பரப்பு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மோடில் உள்ள க்யூவோ பூச்சியத்திலிருந்து அந்தப் புள்ளி வரையிலான பரப்பு. பிட் பிழை விகிதத்துக்கு வேண்டியது அதன் பக்கத்தில் உள்ள 'ஆர்'. முந்தைய மாடலான 991இஎஸ் பிளஸ் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பிழை விகிதம் 10இன் அடுக்கு மைனஸ் 6 அளவுக்குச் சிறியதானால், 1இலிருந்து கழித்து இலக்கங்களை இழக்காமல் நார்மல் சிடியில் கீழ் எல்லையை நேரடியாக இட்டு, மேல் எல்லைக்குப் பெரிய எண் கொடுப்பதே சரி.

தொடர் மாறிகளுக்குத் தொகையிடல் (இன்டெக்ரல்) பொத்தான் போதும், ஆனால் முடிவிலியை அது ஏற்காது. பெரிய எண்தானே என்று மேல் எல்லைக்கு லட்சத்தைப் போட்டால், வளைவு உயர்ந்து நிற்கும் குறுகிய பகுதியைக் கணிப்பு தவறவிட்டு விடை பூச்சியத்தருகே போய்விடலாம். அடுக்குக்குறிப் (எக்ஸ்பொனென்ஷியல்) பரவலுக்குச் சராசரியின் 20 அல்லது 30 மடங்கு போதும். 20 மடங்குக்கு அப்பால் மிஞ்சும் பரப்பு 100 கோடியில் சுமார் 2 பங்குதான். கட்டம் (ஃபேஸ்) சீராகப் பரவிய கொசைன் அலைக் கணக்குக்குக் கருவி ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். 0 முதல் 2 பை வரை சராசரி பூச்சியம் வரவேண்டிய இடத்தில், டிகிரியில் இருந்தால் 0.998 வரும். தொகையிடலுக்குள் இன்னொரு தொகையிடலை வைக்க முடியாது என்பதால், இரு மாறிகளின் இணைந்த அடர்த்திச் சார்பில் உள் தொகையிடலைக் கையால்தான் செய்ய வேண்டும். கற்பிப்பதற்கு அது நல்லதே. எல்லைகளைப் படம் வரைந்து கண்டுபிடிப்பதுதானே அந்தப் பாடம்.

அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டும் பொறுத்திருக்கும் மார்க்கோவ் சங்கிலிக்கு அணி மோடு 4க்கு 4 வரை போகும். முதல் வரிசை 0.9, 0.1, இரண்டாவது 0.5, 0.5 என்ற அணியை வர்க்கம் செய்து, விடையை மறுபடி வர்க்கம் செய்து, இப்படி நான்கு முறை போனால் 16ஆம் அடுக்கு கிடைக்கும். இரு வரிசைகளும் 0.8333, 0.1667 என்று ஒன்றாகிவிடுவதைக் கண்ணால் காணலாம். இப்படி மாறாமல் நிற்கும் நிலைத்த பரவலைச் சமன்பாட்டு மோடில் தீர்க்கும்போது ஒரு சமன்பாட்டை நீக்கி, கூட்டுத்தொகை 1 என்பதை அதன் இடத்தில் வைக்காவிட்டால் ஒற்றைத் தீர்வு கிடைக்காது.

ஸ்ப்ரெட்ஷீட் சிறியது: 5 நெடுவரிசை, 45 வரிசை, 1700 பைட் நினைவகம். ஒரு நெடுவரிசை முழுக்க சமவாய்ப்பு எண் நிரப்பி, 1இலிருந்து அதைக் கழித்து, இயல் மடக்கை எடுத்து மைனஸ் குறி இட்டால் சராசரி 1 உள்ள அடுக்குக்குறி மாறி கிடைக்கும். கழிக்காமல் விட்டால் 0.000 வந்த கட்டத்தில் பிழை காட்டும். சமவாய்ப்பு எண் மூன்று தசம இலக்கம்தான் என்பதால் 6.908ஐத் தாண்டிய மதிப்பு வரவே வராது; சராசரியில் இதன் பாதிப்பு அரை சதவீதத்துக்கும் குறைவு. 45 மதிப்புகளின் சராசரியில் திட்டப் பிழை சுமார் 15 சதவீதம். 60 பேரின் சராசரிகளைக் கரும்பலகையில் எழுதி மொத்தமாகச் சராசரி எடுத்தால் அது 2 சதவீதத்துக்கு இறங்கும். மதிப்புகள் கூடக்கூடச் சராசரி உண்மை மதிப்பை நெருங்கும் என்ற பேரெண் விதிக்கு இதைவிட மலிவான ஆய்வகம் கிடைக்காது.

டி, கை-வர்க்கம், எஃப் பரவல்கள் இதில் இல்லை. கருதுகோள் சோதனைக்கு அட்டவணை கையில் வேண்டும். பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் திரையில் தரும் கால்குலேட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும், சொந்தக் கருவிக்கு அனுமதி இல்லை. பல்கலைக்கழகத் தேர்வுக்கு எந்த மாடல் செல்லும் என்பதை வாங்கும் முன்பே தேர்வுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். பின்னர் வந்த 991சிடபிள்யூவிலும் பரவல் கணக்குகள் உண்டு, ஆனால் பொத்தான் அமைப்பு வேறு. ஒரே வகுப்பில் இரண்டும் கலந்திருந்தால் செய்முறைத் தாளை மாடலுக்கு ஒன்றாக அச்சிட்டுக் கொடுப்பது நல்லது.