செங்கோட்டையில் ஒரு கல்லூரி விண்ணப்ப மையம்: சான்றிதழுக்கு நம்பலாம், கல்லூரித் தேர்வுக்கு வேண்டாம்

செங்கோட்டையில் நகலெடுக்கும் கடையொன்றின் மாடியில் இயங்கும் இந்த மையத்துக்கு, பிளஸ் டூ முடிவுகள் வந்த பிறகு கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்து மலையிறங்கி வரும் குடும்பங்கள் பல. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதும், கொள்வினை கொடுப்பினை எல்லைக்கு இருபுறமும் நீடித்தது. ஆகவே கேரளத்தில் பள்ளியை முடித்துத் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைகளின் சிக்கல் இங்குள்ளவர்களுக்குப் பழகிய ஒன்று.

ஆரியங்காவில் வசிக்கும் என் அக்கா மகளின் பொறியியல் கலந்தாய்வுப் பதிவுக்காகச் சென்றிருந்தோம். கணினியில் கை வைப்பதற்கு முன்பே, பொறுப்பிலிருந்த அம்மையார் அவள் எந்தெந்த வகுப்பை எங்கே படித்தாள் என்று விசாரித்தார். எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படிக்காத, ஆனால் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட மாணவர் இருப்பிடச் சான்றிதழ் தர வேண்டும் என்பதையும், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படிப்படியாக நகர்வதால் கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்கக் கூடாது என்பதையும் விளக்கினார். 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கே உரியது. அக்கா மகள் படித்ததும் அரசுப் பள்ளிதான் என்றாலும் அது கேரளப் பள்ளி என்பதால் எதிர்பார்க்க வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அக்காவுக்கு அது கசந்தது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட் ஆஃப் கணக்கிடும் முறையை அவளையே தாளில் போட்டுப் பார்க்கச் செய்தார்கள். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் மாணவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பு. “பாஸ்வேர்டை நீயே அடி பாப்பா, எங்ககிட்ட சொல்லாதே” என்று அந்த அம்மையார் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கடையின் எண்ணைக் கொடுத்துவிட்டு, கிடைத்த கல்லூரி இடத்தை உறுதிசெய்யும் நாளில் ஓடிபிக்காகக் கடைவாசலில் காத்துக் கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கல்லூரிகளின் விருப்பப் பட்டியலைத் தயாரிக்கும் கட்டத்தில்தான் மையம் சறுக்குகிறது. எத்தனை கல்லூரிகளையும் சேர்க்கலாம், தரவரிசையோடு பட்டியலின் வரிசையும் சேர்ந்தே இடத்தைத் தீர்மானிக்கும் என்றிருக்க, முன்கூட்டியே அச்சடித்த ஒரே பட்டியலை எல்லோருக்கும் நீட்டுகிறார்கள். அதில் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் முன்னிற்பதற்குக் காரணம் கேட்டால் தெளிவான பதில் இல்லை. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, முந்தைய ஆண்டு கட் ஆஃப் விவரங்களை வைத்து வீட்டிலேயே வரிசைப்படுத்துவது நல்லது.

“கல்லூரி வாழ்க்கை அறிமுகம்” என்று தனிக் கட்டணத்தில் நடத்தும் அரைநாள் வகுப்பும் ஏமாற்றமே. பள்ளியில் மலையாள வழியில் அறிவியல் படித்து வளர்ந்த பிள்ளை ஆங்கில விரிவுரையில் குறிப்பெடுப்பது எப்படி, விடுதியில் மாதச் செலவைச் சமாளிப்பது எப்படி என்பன பற்றிப் பேச்சே இல்லை. ஊக்க உரையிலேயே நேரம் கரைந்தது.

பதிவுக்குப் பலகையில் எழுதியிருக்கும் தொகைக்கு மேல் வாங்குவதில்லை, ஆனால் கேட்டால்தான் ரசீது. அந்தத் தொகையும் பாரமாகத் தோன்றுவோர், கலந்தாய்வுக்கென அரசு அமைக்கும் சேவை மையங்களில் சேவைக் கட்டணமின்றியே பதிவு செய்துகொள்ளலாம்.