கனடாக் கடவுச்சீட்டோடு ஊர் வீட்டில் நீண்ட நாள் இருப்பது: ஈ.டி.ஏ. முதல் டுவல் வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் நீண்ட நாள் நிற்பதற்காக மட்டும் என்றால் இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமை, எங்கள் பேச்சில் 'டுவல்', தேவையில்லை. காணி வாங்க என்றால் எடுங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் எங்கள் ஆட்களில் கனபேர் இடைத்தரகர்களுக்குக் காசு கட்டுகிறார்கள். நான் பல வருடம் சுற்றுலா விசாவில் வந்து நீட்டிப்பு எடுத்து இருந்தவன், இப்போது டுவல் எடுத்து இலங்கைக் கடவுச்சீட்டில் வந்து போகிறவன். இரண்டு வழியிலும் இருந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிலைமை இதுதான். கனடாவில் ஸ்காபரோவில் குடும்பம், யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அம்மாவின் சீதன வளவில் ஒரு பழைய வீடு. கனடியக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை சட்டப்படி போய்விட்டது, பிறகு ஊருக்கு வருவதென்றால் மற்ற வெள்ளைக்காரரைப் போல ஈ.டி.ஏ. என்கிற இணையவழிப் பயண அனுமதிதான். அது 30 நாளுக்குக் கிடைக்கும், அந்த 30 நாளுக்குள் இரண்டு தடவை உள்ளே வரலாம், இணையத்தில் போட்டால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பதில் வந்துவிடும், அதில் ஒரு குறையும் இல்லை. நல்லூரில் கொடியேறித் தேரும் தீர்த்தமும் முடியவே 25 நாள் ஆகிவிடும், திருவிழாவுக்கு வந்து போகிறவர்களுக்கு 30 நாள் கணக்காக இருக்கும். ஆனால் வீடு வைத்திருக்கிறவனுக்குக் காணாது. ஒருமுறை ஓடு மாற்றவென்று கூரையைப் பிரித்துப் போட்டோம், பழைய ஓட்டை முற்றத்தில் அடுக்கி முடிக்கவே ஒரு கிழமை, அதற்குப் பிறகு மேசனின் மச்சாள் வீட்டில் கலியாணம், அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தகரமும் படங்கும் போட்டு மூடிய வீட்டை விட்டுவிட்டு விசா முடிகிறது என்று யார் விமானம் ஏறுவது?

அதனால் நீட்டிப்பு. முன்பு இதற்குப் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர், விடியக் கொழும்பில் இறங்கி முகம் கழுவி, வரிசையில் நின்று, கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னேரம் வரை காத்திருந்து, அன்றிரவே திரும்பி வர உடம்பு முறிந்துவிடும். இப்போது திணைக்களத்தின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம்: கடவுச்சீட்டின் முதல் பக்கம், உள்ளே வந்தபோது குத்திய முத்திரை உள்ள பக்கம், ஒரு படம், வங்கி அட்டை. நான் விறாந்தையில் இருந்து போனிலேயே செய்திருக்கிறேன். எங்களுக்கு முதலில் இரண்டு மாதம் தந்தார்கள், அது முடியும்போது இன்னும் மூன்று மாதம், வந்த முதல் மாதத்தையும் சேர்த்தால் ஆறு மாதம். கட்டணம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதைப் பொறுத்து மாறும், ஆகவே லண்டன்காரர் கட்டியதை வைத்துக் கனடாக்காரர் கணக்குப் பார்க்க வேண்டாம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முத்திரைப் பக்கத்தைப் படம் எடுக்கும்போது திகதி தெளிவாகத் தெரிய வேண்டும், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சில நேரம் மை மங்கிய முத்திரையைப் பழைய விசா ஒன்றின் மேலேயே குத்திவிடுவார்கள், அதைப் போனில் பார்த்தால் எட்டா மூன்றா என்று எங்களுக்கே தெரியாது. முத்திரை குத்தினவுடன் கவுண்டரிலேயே நின்று பார்த்து, விளங்காவிட்டால் அங்கேயே சொல்லுங்கள். மற்றது, விசா முடிய ஒரு கிழமை இருக்கும்போதே போட்டுவிடுங்கள், நடுவில் ஒரு போயா, ஒரு சனி ஞாயிறு வந்தால் நாட்கள் போவதே தெரியாது.

2024 இல் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஏப்ரலில் இணையவழி விசாவை வெளி நிறுவனங்களின் கையில் கொடுத்தார்கள், கட்டணத்தோடு சேவைக் கட்டணமும் ஏறியது, நாடு முழுக்க ஒரே சத்தம், ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, செப்டெம்பர் கடைசியில்தான் பழைய ஈ.டி.ஏ. திரும்பி வந்தது. இந்த இடைவெளியில் பயணம் செய்தவர்கள் எந்தத் தளம் உண்மையானது என்று தெரியாமல் பட்ட பாடு பெரிய பாடு. இப்போதும் கூகிளில் தேடினால் அரசாங்கத் தளம் மாதிரியே முகப்பு வைத்துக்கொண்டு மேலதிகமாகக் காசு பிடுங்கும் தளங்கள்தான் மேலே வந்து நிற்கும். முகவரி gov.lk என்று முடிகிறதா என்று பார்க்காமல் அட்டை இலக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

பலாலியிலிருந்து சென்னைக்குப் போய் ஒரு நாள் நின்றுவிட்டுத் திரும்பி வந்தால் புது 30 நாள் கிடைக்கும் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. பலாலி சர்வதேச விமான நிலையம் 2019 இல் திறந்ததிலிருந்து இந்தக் கதை கூடிவிட்டது. கனடாக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா வேறாக எடுக்க வேண்டும், விமானச் செலவு, ஹோட்டல் செலவு, பிறகு புது ஈ.டி.ஏ. எடுக்கிற வேலை. வீட்டில் இருந்தபடியே நீட்டிப்பு எடுக்க முடியும்போது இது எதற்கு? சென்னையில் பட்டு எடுக்கிற வேலை இருந்தால் சரி.

ஆக, வருடத்தில் நாலைந்து மாதம் வந்து இருக்க ஈ.டி.ஏ.யும் நீட்டிப்பும் போதும். அப்படியானால் நான் ஏன் டுவல் எடுத்தேன்?

எங்கள் வளவுக்கு வடக்குப் பக்கம், கிணற்றடிக்குப் போகிற ஒழுங்கையை ஒட்டி, பக்கத்து வீட்டு அக்காவின் அரைப் பரப்பு நிலம் ஒன்று கிடக்கிறது. அவர் தானாகவே "தம்பி, நீ எடுக்கிறாய் எண்டால் உனக்குத்தான் தருவன்" என்று சொன்னார். நொத்தாரிசிடம் போனேன். அவர் முதல் கேட்டது விலையை அல்ல, கடவுச்சீட்டை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி உரிமைமாற்ற மட்டுப்பாட்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன் இங்கே காணியை விலைக்கு வாங்க முடியாது. அம்மாவிடமிருந்து முதுசமாக வந்தது சரி, அதற்குச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது. பக்கத்துத் துண்டை வாங்க முடியாது, அது அரைப் பரப்பானாலும் ஒன்றுதான். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. யாரோ ஒரு மருமகனின் பெயரில் எழுதி வைக்கிற வழியும் ஊரில் நடக்கிறதுதான், பிறகு அந்த மருமகனுக்கும் மாமனுக்கும் கோட்டில் வழக்கு நடப்பதையும் ஊரில்தான் பார்க்கிறோம். எனக்கு அது வேண்டாம்.

விண்ணப்பத்துக்குத் தகுதி பல வழிகளில் வரும். 55 வயது தாண்டியிருந்தால் அதுவே ஒரு வழி. படிப்பு அல்லது தொழில் தகைமை இன்னொன்று. இலங்கையில் 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் பெறுமதியான சொத்து இருந்தால் அதுவும் போதும், அல்லது அதே தொகையை மூன்று வருட நிலையான வைப்பில் போடலாம், வெளிநாட்டுக் காசாக என்றால் 25,000 டொலர். யாழ்ப்பாணத்தில் இன்று காணி விற்கிற விலைக்கு 25 இலட்சம் ஒரு தடையே இல்லை. நான் கட்டியபோது கட்டணம் 2,000 அமெரிக்க டொலர், இது மலிவில்லை, ஒத்துக்கொள்கிறேன். 2011 இல் இந்தத் திட்டத்தை நிறுத்திவைத்து 2015 இல்தான் திரும்பத் தொடங்கினார்கள் என்பதும் நினைவில் இருந்தது, திறந்திருக்கும்போதே எடுத்து வைப்போம் என்று நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

காசை விடக் கஷ்டம் பெயர்தான். பழைய பிறப்புச் சான்றிதழில் என் பெயர் கையெழுத்தில், தமிழில், தகப்பன் பெயர் தனிக் கட்டத்தில். கனடாவில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிப் பின்னால் போய்விட்டது. பழைய இலங்கைக் கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்து ஒன்று கூட, திருமணப் பதிவில் ஒன்று குறைய. நாலு கடதாசியில் நாலு ஆள். விண்ணப்பத்தைப் பார்த்த உத்தியோகத்தர் ஒரு அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, வித்தியாசமான இடத்திலெல்லாம் பென்சிலால் சின்ன வட்டம் போட்டார். கோபப்படாமல் சத்தியக் கடதாசி ஒன்று எழுதி வரச் சொன்னார். அதைச் சமாதான நீதவானிடம் முடித்தோம். நீங்கள் போட நினைத்தால் கனடாப் பொலிஸ் சான்றிதழுக்கு விரல் அடையாளம் கொடுக்கப் போகும் முன்பே இந்தப் பெயர் வேலையை முடித்து வையுங்கள், ஏனென்றால் பொலிஸ் சான்றிதழ் கொஞ்ச மாதத்தில் பழசாகிவிடும், பெயர்ப் பிரச்சினை இழுபட்டால் இரண்டாவது தடவை எடுக்க வேண்டி வரும். பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், போக வேண்டிய கடதாசிகளை வேறாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், அவர் எல்லா நாளும் கந்தோரில் இருக்க மாட்டார்.

டுவல் கிடைத்த பிறகு என்ன மாறியது என்று கேட்டால், அன்றாடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. அரைப் பரப்பு என் பெயரில் உறுதி எழுதியாயிற்று. அடையாள அட்டை கிடைத்ததால் வங்கியில் கதை சுருங்கிவிட்டது. சிகிரியா ஏற உள்ளூர்க் கட்டணம். பாராளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது, 2022 இல் வந்த 21 ஆவது திருத்தம் அதைத் தடுத்துவிட்டது, உரும்பிராய் மக்கள் தப்பித்தார்கள். பயணத்தில் இரண்டு கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள், இலங்கைக்குள் வர இலங்கையினது, கனடாவுக்கு விமானம் ஏறக் கனடாவினது இல்லாமல் விடமாட்டார்கள்.

எல்லாருக்கும் டுவல் பொருந்தாது, அதற்கு எங்கள் குடும்பமே உதாரணம். என் அக்காவின் கணவர், அத்தான், ஜேர்மன் குடிமகன். ஜேர்மனியில் இரட்டைக் குடியுரிமை பொதுவாக அனுமதிக்கப்பட்டது 2024 ஜூன் கடைசியில்தான், அதுவரை இங்கே திரும்ப எடுத்தால் அங்கே போய்விடும் என்ற பயம். நோர்வேயில் இருக்கிற தங்கச்சிக்கு 2020 இலிருந்தே அந்தத் தடை இல்லை. ஆகவே இலங்கைச் சட்டத்தைப் படிக்கும் முன் நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள். அத்தான் இடையில் 55 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவருக்கான 'மை டிரீம் ஹோம்' விசாவையும் யோசித்துப் பார்த்தார். வங்கியில் 15,000 டொலர் வைப்பு, மாதாமாதம் 1,500 டொலர் உள்ளே வர வேண்டும், அக்காவுக்கு இன்னும் 750, தருவது இரண்டு வருட விசா. சொந்தக் கிணறும் முருங்கையும் உள்ள வீட்டில் இரண்டு பேர் மாதம் 2,250 டொலரை எப்படிச் செலவழிப்பது என்று அக்கா கேட்டார், பேச்சு அதோடு நின்றது. வருடம் முழுக்க இங்கேயே இருக்கப் போகிற, இலங்கையோடு பிறப்புத் தொடர்பு இல்லாத ஒருவருக்கு அது சரியாக இருக்கலாம். ஒரு இலட்சம் டொலர் வைப்பில் பத்து வருடம் தருகிற 'கோல்டன் பரடைஸ்' விசாவும் இருக்கிறது, அதைப் பற்றி எழுத என்னிடம் அனுபவமும் இல்லை, காசும் இல்லை.

இனி முக்கியமான விஷயம். இலங்கைப் பக்கக் கணக்கு முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால் கனடாப் பக்கக் கணக்கு காத்துக்கொண்டிருக்கும். ஒன்ராறியோவில் ஓஹிப் மருத்துவக் காப்பு வேண்டுமென்றால் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் மாகாணத்துக்கு வெளியே 212 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. வயதானவர்களின் பென்சனோடு வருகிற வருமான உதவித் தொகை ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். முதியோர் பென்சன் வெளிநாட்டிலும் தொடர்ந்து வர வேண்டுமென்றால் 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடம் இருந்திருக்க வேண்டும். லண்டன்காரருக்கு வேறு தலையிடி, இலங்கையில் குடியேறி இருந்தால் அரச பென்சன் வருடாவருடம் ஏறாது, அப்படியே உறைந்து நிற்கும். இலங்கையிலும் 183 நாள் தாண்டினால் வரிக்கு வதிவாளர் ஆகிவிடுவீர்கள், வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுகிறவர்கள் கணக்காளரிடம் கேளுங்கள். ஆகவே டுவல் கையில் இருந்தும் நான் ஆறு மாதத்துக்கு உள்ளேதான் நிற்கிறேன். சுற்றுலா விசா நீட்டிப்பும் அதே ஆறு மாதம்தான் தந்தது!

மனைவி இதைக் கவனித்துவிட்டு டுவல் போடவே இல்லை. காணி உன் பெயரில், எனக்கு எதற்கு வீண் செலவு என்கிறார். இன்றைக்கும் ஈ.டி.ஏ.யில் வந்து நீட்டிப்பு எடுக்கிறார், கட்டுநாயக்காவில் அவர் வெளிநாட்டவர் வரிசையில் நிற்க நான் இந்தப் பக்கம் நின்று பெட்டிகளைப் பார்க்கிறேன். மகன் என் விண்ணப்பத்தோடு சேர்ந்திருக்கலாம், ஆனால் அதற்கு 22 வயதுக்குள், கலியாணம் கட்டாமல் இருக்க வேண்டும், அவனுக்கு அந்த வயது எப்போதோ தாண்டிவிட்டது. வீடும் அரைப் பரப்பும் அவனுக்கு முதுசமாகப் போகலாம், அதற்குச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை அவன் 30 நாள் விசாவில் வந்து கறுத்தக் கொழும்பான் மாம்பழம் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.