பனியன் கம்பெனிக்கு ஈஆர்பி வாங்கறதுக்கு முன்னாடி டெமோல கேக்க வேண்டியது

நாங்க ஒரு ஈஆர்பி (கம்பெனி வேல பூராவயும் ஒரே எடத்துல பாக்கற சாஃப்ட்வேர்) வாங்கி ஓட்டறோம். மார்க்க மொதல்லயே சொல்லிடறேன், சாஃப்ட்வேருக்கு அஞ்சுக்கு மூணரை, அத வந்து போட்டுக்குடுத்த சர்வீஸுக்கு ரெண்டு, வாங்கி வச்சிருக்கற எங்க கம்பெனிக்கு மார்க் போடச் சொன்னா ஒண்ணுக்கு மேல போட மனசு வராது. சாஃப்ட்வேர் பேரு வேண்டாங்க. நான் சொல்லப் போற குறையில முக்காவாசி நீங்க எந்த ஈஆர்பி வாங்கினாலும் வந்து நிக்கும்.

திருப்பூர்ல மீடியம் சைஸ் எக்ஸ்போர்ட் யூனிட், நான் அக்கவுண்ட்ஸ் பக்கம். இந்த சாஃப்ட்வேர்ல ஆர்டர், காஸ்டிங், நூல் பர்ச்சேஸ், ஸ்டோர், ஜாப் ஒர்க் (வெளிய குடுத்து செய்யற வேலை), கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் புரொடக்ஷன், ஷிப்பிங் டாக்குமெண்ட் எல்லாம் ஒரே எடத்துல, கடைசில என்ட்ரி டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேருக்குப் போயிரும். யூசர் கணக்குக்கு லைசென்ஸ், போட்டுக்குடுக்கறதுக்கு தனி காசு, வருஷா வருஷம் ஏஎம்சிங்கற பராமரிப்பு காசு, நம்ம தோதுக்கு எதாச்சும் மாத்தோணும்னா அதுக்கு ஆள்நாள் கணக்குல இன்னொரு பில். இத கொட்டேஷன்ல ஒழுங்காத்தான் போட்டிருந்தாங்க, அதுல ஏமாத்தல.

டெமோ பாத்தா யாருக்கும் வாங்கத் தோணும். 100 கிலோ நூல் நிட்டிங்க்குப் போகுது, துணியா வருது, டையிங் போகுது, பின்னாடி சுருங்காம இருக்க காம்பேக்டிங் போகுது, ஒவ்வொரு எடத்துலயும் லாஸ் கழிஞ்சு பேலன்ஸ் பச்சைக் கலர்ல நிக்குது. நெசத்துல நடக்கறது என்னன்னா டையிங்ல இருந்து துணி சாயந்திரம் வந்து எறங்கும், சரக்கோட வரவேண்டிய டிசி (டெலிவரி சலான்) மறுநாள் வரும், அதுவும் கையில எழுதுன டிசி, ஒண்ணா சாயம் போட்ட ஒரு லாட்ட ரெண்டா பிரிச்சு அனுப்பியிருப்பாங்க, நாலு ரோல் ஷேடு ஒத்து வரலன்னு ரீபிராசஸுக்கு அங்கயே நிக்கும், வெள்ளைக்கு ஒரு லாஸ், டார்க் கலருக்கு ஒரு லாஸ், சிஸ்டமோ இன்வர்டு (உள்ள வந்த சரக்கு) என்ட்ரி முழுசா முடியாம கட்டிங்க்கு இஷ்யூ போட விடாது. ஷிப்மெண்ட் தேதி நெருங்கியிருக்கு, கட்டிங் மாஸ்டர் டேபிள காலியா வச்சுட்டு நிக்கறாரு, இந்த நேரத்துல ஸ்டோர்காரர் என்ன பண்ணுவாரு, துண்டுச்சீட்டுல எழுதி ரோல தூக்கிக் குடுத்துருவாரு, என்ட்ரி அப்பறம் பாத்துக்கலாம்னு. அந்த அப்பறம் வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள சிஸ்டத்துல இருக்கற ஸ்டாக்குக்கும் கோடவுன்ல இருக்கற ஸ்டாக்குக்கும் சம்பந்தமே இருக்காது. ஒருக்கா தப்பு காட்டுன ஸ்கிரீன அதுக்கப்பறம் யாருங்க நம்புவா?

வெளிய பேசறவங்க எல்லாம் பழைய ஆளுகளுக்கு கம்ப்யூட்டர் வராது, அதான் பிரச்சனைம்பாங்க. சும்மா சொல்றதுங்க அது. எங்க ஸ்டோர் அண்ணன் வாட்ஸாப்ல டையிங்காரரோட நாள் முழுக்க வாய்ஸ் மெசேஜ்லயே பேசறவரு, ஜிபேல காசு போடறவரு. அவருக்கு பயம் வேற. டிரெய்னிங்க்கு வந்த பையன்கிட்ட நேராவே கேட்டாரு, "ஏந்தம்பி, இதுல நான் போடற கணக்குல பத்து கிலோ கொறைஞ்சா யாரைக் கேப்பாங்க?"ன்னு. பையன் "சிஸ்டம்ல டிஃபரன்ஸ் ரிப்போர்ட் வரும்ணா, யார் என்ட்ரி போட்டாங்கன்னு பேரோட காட்டும்"னு பெருமையா சொன்னான். அன்னிக்கே முடிஞ்சுதுங்க. இத்தனை வருஷமா நோட்டுல அவரே கூட்டிக் கழிச்சு சமாளிச்சுட்டு இருந்த லாஸ், இனிமே அவரு பேருல ஸ்கிரீன்ல வந்து நிக்கும்னா எவன் ஆசைப்பட்டு டைப் பண்ணுவான். அந்த டிரெய்னிங்கயும் சனிக்கெழமை மத்தியானம் வச்சாங்க பாருங்க, சம்பள நாளுல, ஊரே கூலி கணக்கு பாத்துட்டு இருக்கற நேரத்துல. திருப்பூர் கம்பெனிகளுக்கே சாஃப்ட்வேர் விக்கறவங்களுக்கு இதுகூடவா தெரியாது.

இன்னொண்ணு ஐட்டம் மாஸ்டர், அதாவது சிஸ்டத்துல இருக்கற பொருள் பேர் லிஸ்ட். 30 கோம்ப்டுன்னு ஒரு நூல் ரகம், அது எங்க சிஸ்டத்துல எத்தனை பேர்ல இருக்குன்னு பாத்தா சிரிப்பீங்க, ஒருத்தர் 30 கோம்ப்டுன்னு போட்டிருக்காரு, ஒருத்தர் கோம்ப்டு 30, ஒருத்தர் மில்லு பேரையும் சேத்து, ஒருத்தர் ஸ்பெல்லிங்க மாத்தி. ஐட்டம் புதுசா கிரியேட் பண்ற உரிமைய எல்லா யூசருக்கும் தொறந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. ஓப்பனிங் ஸ்டாக் எடுக்கறதும் இழுத்துட்டே போச்சு. எடுத்தா பழைய ஆர்டர்ல மிச்சமான துணி, ஸ்டாக் லாட்டுக்குப் (மிச்ச சரக்கா கொறஞ்ச வெலைக்கு) போனது, காண்ட்ராக்டர் பீஸ் கணக்கு எல்லாம் வெளிய வரும், இது மீட்டிங்ல யாரு வாயிலயும் வராது, ஆனா தேதி மட்டும் தள்ளிட்டே இருக்கும்.

சர்வீஸ் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. வந்த பையன் நல்ல பையன், பாதில வேற வேலைக்குப் போயிட்டான், அடுத்து வந்தவனுக்கு மறுபடி மொதல்ல இருந்து கதை சொன்னோம். நாங்க காசு குடுத்து மாத்தி வாங்குன ரிப்போர்ட்டு ஒரு அப்டேட்ல காணாம போச்சு, கேட்டா ஸ்டாண்டர்டு வெர்ஷன்ல அது இல்லீங்கன்னாங்க.

இந்த மாத்தி வாங்கறது சின்ன வியாதி இல்லீங்க. ஜெர்மனில லிடில்னு பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கு, 2011ல சேப் (SAP)ங்கற ஈஆர்பி வச்சு புது சரக்கு சிஸ்டம் கட்ட ஆரம்பிச்சு 2018ல வேண்டாம்னு மூட்டை கட்டிட்டாங்க, கிட்டத்தட்ட 50 கோடி யூரோ போச்சுன்னு செய்தில வந்துது. அவங்க ஸ்டாக்க வாங்குன வெலைல மதிப்பு போடறவங்க, சாஃப்ட்வேர் விக்கற வெலைல போடற மாதிரி செஞ்சது, கம்பெனி பழக்கத்த மாத்திக்கல, சாஃப்ட்வேரத்தான் வளைச்சாங்க. வளைக்க வளைக்க செலவும் ஏறுச்சு, சிக்கலும் ஏறுச்சு. அவ்ளோ காசு இருக்கறவனுக்கே அந்த கதின்னா நாம "எங்க முறை வேறங்க"ன்னு சொல்லும்போது கொஞ்சம் யோசிக்கோணும்.

எல்லாத்தயும் விட பெரிய தடை எங்க மொதலாளி ரூம்லதான் இருக்கு. டேஷ்போர்டு வேணும்னு கேட்டு பெரிய டிவியே மாட்டுனவரு அவருதான். ஆனா அவசரம்னா டிவிய பாக்க மாட்டாரு, ஸ்டோருக்கு போனப் போட்டு "சிஸ்டம் கெடக்கட்டும், நோட்டப் பாத்து சொல்லு, நேவி எத்தனை கிலோ இருக்கு"ம்பாரு. அந்த ஒரு போனுல கம்பெனில எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு எது நெஜ கணக்குன்னு. அப்பறம் எதுக்கு ரெண்டு எடத்துல எழுதோணும், நோட்டு போதுமே.

இதே ஆளுகதான் ஜிஎஸ்டிக்கு மாறுனாங்கங்கறத மறக்கக் கூடாது. 2017 ஜூலைல இதெல்லாம் நம்மூருக்கு ஒத்து வராதுன்னு சொல்லாத ஆள் இல்ல. சரக்கு வண்டி கொண்டு போற ஈ-வே பில் 2018 பிப்ரவரி 1ஆம் தேதி ஆரம்பிச்ச அன்னிக்கே சைட்டு படுத்துருச்சு, தள்ளி வச்சு ஏப்ரல்ல மறுபடி கொண்டு வந்தாங்க. அப்பறம் ஈ-இன்வாய்ஸ் (அரசாங்க போர்ட்டல்ல பதியற பில்லு), 2020 அக்டோபர்ல 500 கோடி டர்னோவர்காரங்களுக்கு மட்டும், அங்க இருந்து 100, 50, 20, 10ன்னு எறங்கி 2023 ஆகஸ்ட்ல 5 கோடிக்கே வந்துருச்சு. இப்ப எங்க ஸ்டோர் அண்ணனே பில்லு ரெடியாகாம வண்டிய வெளிய விட மாட்டாரு. ஈ-வே பில் இல்லாம போனா ரோட்டுல நிறுத்துவாங்க, ஈ-இன்வாய்ஸ் இல்லாத பில்ல பார்ட்டி வாங்க மாட்டான், அவனுக்கு வர வேண்டிய வரி கிரெடிட் மாட்டிக்கும்னு. எழுதலைன்னா அன்னிக்கே வலிக்கும், அதனால எழுதறாங்க. எங்க ஈஆர்பில எழுதலைன்னா எவனுக்கும் எதுவும் ஆகாது, எழுதுனாத்தான் கேள்வி வரும். அதத் தலைகீழா மாத்தாம எத்தனை டிரெய்னிங் குடுத்தும் பிரயோஜனம் இல்ல.

நல்லதயும் சொல்லிடறேன். காஸ்டிங் ஷீட் அருமை, மெர்ச்சண்டைசர்க யாரும் இப்ப எக்செல்ல தனித்தனியா வச்சுக்கறதில்ல, வெல கேட்டா எல்லாரும் ஒரே கணக்க காட்டறாங்க. டேலி லிங்க் எங்களுக்கு பெரிய நிம்மதி. ஜாப் ஒர்க் பெண்டிங் ரிப்போர்ட்டும் ஸ்டோர் என்ட்ரி ஒழுங்கா இருக்கற மாசத்துல தங்கம், ஐடிசி-04ங்கற ஜாப் ஒர்க் ஜிஎஸ்டி ஃபாரம் போடறதுக்கும் சரி, வெளிய போன சரக்கு 1 வருஷத்துக்குள்ள திரும்பலன்னா சப்ளையா கணக்காயிருங்கற பயத்துக்கும் சரி, யாருகிட்ட என்ன நிக்குதுன்னு பேரோட வந்துரும். இந்த மூணுக்காகத்தான் அந்த மூணரை மார்க். புரொடக்ஷன் மாடியூல், பண்டல (வெட்டுன பீஸ் கட்ட) ஸ்கேன் பண்றது எல்லாம் எங்ககிட்ட சும்மா கெடக்குது, ஸ்கிரீன் பூரா இங்கிலீஷ், லைன்ல இருக்கறவங்க பாதிப் பேரு ஒடியா, இந்தி பேசறவங்க, இத யாருமே வாங்கும்போது யோசிக்கல.

வாங்கறவங்க டெமோக்கு அவங்க டேட்டாவ விடுங்க, உங்க டையிங்காரர் போன வாரம் அனுப்புன நாலு டிசிய கையில குடுத்து, லாட் பிரிஞ்சது, ஷேடு ரிட்டர்ன் எல்லாத்தயும் உங்க கண்ணு முன்னாடி ஏத்திக் காட்டச் சொல்லுங்க. மொதலாளி ரூம்ல வேண்டாம், ஸ்டோர்ல வச்சு. லாஸ் எவ்ளோ வரைக்கும் கேள்வி இல்லன்னு கலர் வாரியா மொதலாளியே எழுதிக் குடுக்கட்டும், ஸ்டோர்காரருக்கு பாதி பயம் அங்கயே போயிரும். எங்க அண்ணன் இப்பத்தான் அப்படி ஒரு பேப்பர் கேட்டு வாங்கியிருக்காரு, அதுல இருந்து இன்வர்டு அன்னன்னிக்கே ஏறுது.

அடுத்த ஏஎம்சிக்கு புரொடக்ஷன் மாடியூல எடுத்துட்டு மிச்சத்துக்கு மட்டும் பில்லு போடச் சொல்லியிருக்கோம், அவங்க மொத்தமா கட்டுனாத்தான்னு நிக்கறாங்க. டிசி வராமயே தற்காலிகமா இன்வர்டு போட்டு பின்னாடி ஒப்பிட்டுக்கற வசதி இருக்கற ஈஆர்பி யாராச்சும் ஓட்டிட்டு இருந்தீங்கன்னா கீழ சொல்லுங்க, வெலயும் சேத்து.