மயிலாப்பூரா, தாம்பரமா?

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்க இந்த இரண்டில் எது என்றால், வீட்டில் பாட்டியும் இருந்தால் என் ஓட்டு மயிலாப்பூருக்கு. நாகேஸ்வரராவ் பூங்காவில் நடை, மாடவீதியில் காய்கறி, லஸ் முனையில் பஸ். வண்டியே எடுக்க வேண்டாம். வண்டி இருந்தால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும், அது வேறு கதை.

அதே வாடகைக்குத் தாம்பரத்தில் இன்னொரு படுக்கையறையும், மொட்டைமாடியில் துணி காயப்போட இடமும் கிடைக்கும். 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. அலுவலகம் கிண்டிப் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம். தாம்பரத்திலேயே கிளம்பும் மின்சார ரயிலில் காலையிலும் உட்கார இடம் கிடைக்கும் (செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் நிற்கவேண்டியதுதான்).

மேற்குத் தாம்பரம் பார்ப்பவர்கள் மட்டும் 2015 வெள்ளத்தில் பக்கத்து முடிச்சூர் மூழ்கியதை நினைவில் வையுங்கள். வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரைத் தொட்டே காட்டுவார்.